பாட்டை முதலில் பிடியுங்கள்: புதிய இலைவெட்டுக்கிளியை விவரித்துப் பெயர் சூட்டும் வழி

மழை விட்டு இலைகள் சொட்டிக்கொண்டிருக்கும் இரவில், காட்டுக்குள் விளக்கை அணைத்துவிட்டு நில்லுங்கள். தவளைகளைக் கழித்துவிட்டால் மிச்சமிருக்கும் சத்தத்தில் பெரும்பகுதி இரண்டு கூட்டத்தாருடையது. ஒன்று சுவர்க்கோழிகள். மற்றது, நூல்போல் நீண்ட உணர்கொம்பும் இலையை அச்சடித்ததுபோன்ற சிறகும் கொண்ட வெட்டுக்கிளிகள். ஆங்கிலேயர் புஷ் கிரிக்கெட் என்றும் அமெரிக்கர் கேட்டிடிட் என்றும் சொல்வது இவற்றைத்தான். தமிழில் நீள்கொம்பு வெட்டுக்கிளி என்பவர்கள் உண்டு. எல்லாவற்றையும் ஒரே கட்டாகக் கட்டிச் சில்வண்டு என்பவர்களே அதிகம். நான் இங்கே இலைவெட்டுக்கிளி என்று எழுதுகிறேன். டெட்டிகோனிடே என்னும் இந்தக் குடும்பத்தில் 8,000க்கும் மேற்பட்ட சிற்றினங்களுக்குப் பெயர் இருக்கிறது. பெயரில்லாதவை வெப்பமண்டலக் காடுகளில் இன்னும் பாடிக்கொண்டிருக்கின்றன.

புதியது ஒன்று கண்ணில் படுவது அவ்வளவு அரிதில்லை. அது பழையது அல்ல என்று காட்டுவதில்தான் ஆண்டுகள் போகும். இந்தப் பூச்சிகளைப் பொறுத்தவரை அதற்கான சான்றில் பெரும்பங்கு பாட்டில் இருக்கிறது. அருங்காட்சியகத்தில் 150 ஆண்டுகளாக ஊசியில் நிற்கும் பூச்சி பாடாது. நீங்கள் கொன்ற பூச்சியும் பாடாது. ஆகவே கீழே வரும் படிகளில் எதைச் சுருக்கினாலும் வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்: முதலில் ஒலிப்பதிவு, பிறகுதான் கொல்லும் புட்டி.

வழித்துணைக்கு ஓர் உண்மையான பூச்சியை வைத்துக்கொள்வோம். கொலம்பியாவின் பசிபிக் கரைக்கு அப்பால் கோர்கோனா என்றொரு தீவு. 1984 வரை அது சிறைத்தீவு. இப்போது தேசியப் பூங்கா. அந்தத் தீவின் மழைக்காட்டில், தலையுச்சியில் கொம்புபோல் கூம்பு நீட்டிய ஓர் இலைவெட்டுக்கிளி வாழ்கிறது. அதை 2010இல் கோபிஃபோரா கோர்கோனென்சிஸ் என்ற பெயரில் விவரித்தார்கள். 2012இல் அதே பூச்சி உலகச் செய்தியானது. அதன் முன்னங்காலில் இருக்கும் காதில், நம் நடுச்செவி எலும்புகள் செய்யும் நெம்புகோல் வேலையைச் செய்யும் அமைப்பும், திரவம் நிறைந்த நுண்பையும் இருப்பது தெரியவந்தது. பெயர் சூட்டி இரண்டே ஆண்டு.

முதல் படி: காகித வேலை

சலிப்பான வேலைதான், முதலில் முடித்துவிடுங்கள். கொலம்பியாவில் ஒரு சட்டம், மலேசியாவில் வேறொன்று. இந்தியாவில் சரணாலயம், தேசியப் பூங்கா போன்ற இடங்களில் பூச்சி பிடிக்க வனத்துறையின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும். 2002ஆம் ஆண்டின் உயிரியல் பல்வகைமைச் சட்டத்தின் 39ஆவது பிரிவு, புதிய உயிரினம் எதைக் கண்டறிந்தாலும் அதற்கென அறிவிக்கப்பட்ட களஞ்சியத்துக்குத் தகவல் தந்து, மாதிரியையும் அங்கே ஒப்படைக்க வேண்டும் என்கிறது. விலங்குகளுக்கான அத்தகைய களஞ்சியம், 1916இல் தொடங்கி இன்று கொல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கும் இந்திய விலங்கியல் ஆய்வகம். சட்டத்தை நடைமுறைப்படுத்தும் தேசிய பல்லுயிர் ஆணையம் சென்னையில் இருக்கிறது. வெளிநாட்டு நண்பர் கேட்டார் என்பதற்காகத் தபாலில் ஒரு காலைக்கூட அனுப்பிவிடாதீர்கள். அனுமதி எண்ணைக் கட்டுரையிலும் அச்சிட வேண்டியிருக்கும். அது இல்லாமல் போனால் நல்ல இதழ்கள் கட்டுரையைத் திருப்பிவிடும்.

இரண்டாம் படி: பாட்டைப் பிடித்தல்

பாட்டு எப்படிப் பிறக்கிறது என்று தெரிந்தால்தான் எதைப் பதிவு செய்வது என்று தெரியும். ஆண் பூச்சியின் இடது முன்சிறகு வலதின்மேல் படிந்திருக்கும். இடது சிறகின் அடிப்பக்கத்தில் ஒரு நரம்பில் வரிசையாகப் பற்கள். கொல்லன் பட்டறை அரத்தைப் போலவே இருப்பதால் பாட்டு அரம் என்று வைத்துக்கொள்வோம். வலது சிறகின் ஓரத்தில் ஒரு சுரண்டி விளிம்பு. சிறகை மூடும்போது அரம் சுரண்டியின்மேல் இழுபடும். வலது சிறகிலுள்ள, கண்ணாடி என்றழைக்கப்படும் மெல்லிய சவ்வு அதிர்ந்து ஒலியைப் பெருக்கும். சுவர்க்கோழியில் வலது சிறகு மேலே, இங்கே இடது மேலே. பாதத்தை எண்ணினாலும் தெரிந்துவிடும்: சுவர்க்கோழிக்கு மூன்று கணு, இலைவெட்டுக்கிளிக்கு நான்கு.

இப்போது கருவி. கைபேசியும் சாதாரண ஒலிப்பதிவுக் கருவியும் நொடிக்கு 44,100 அல்லது 48,000 முறை ஒலியை அளக்கின்றன. அளக்கும் வேகத்தில் பாதிவரைதான் பதிவாகும் என்பது கணக்கு. அதாவது 22 முதல் 24 கிலோஹெர்ட்ஸோடு கதை முடிந்தது. மேற்குத்தொடர்ச்சி மலையில் குதிரேமுக் காட்டு மரமுடிகளில் பாடும் ஓனோமார்கஸ் யூனினோடேட்டஸுக்கு இது தாராளம். அதன் பாட்டு 3.2 கிலோஹெர்ட்ஸ் அளவில், காதுக்கே இதமாக இருக்கும். நம் கோர்கோனா பூச்சியின் பாட்டு சுமார் 23 கிலோஹெர்ட்ஸ், விளிம்பில் தொங்குகிறது. அதே தீவிலும் எக்வடாரிலும் கிடைத்து, 2014இல் சூப்பர்சோனஸ் என்ற புதிய பேரினமாக விவரிக்கப்பட்டவை 115 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் தொடங்கி 150 வரை போகின்றன. கைபேசியோடு காட்டில் நிற்பவருக்கு அவை ஊமைப் பூச்சிகள். ஆகவே நொடிக்கு 250,000 முறைக்குக் குறையாமல் (சூப்பர்சோனஸ் போன்றவற்றுக்கு 300,000 முறைக்கு மேல்) அளக்கும் மீயொலி மைக் ஒன்றை வாங்குங்கள், அல்லது இரவல் பெறுங்கள். வௌவால் ஆய்வாளர்கள் கைபேசியில் செருகிப் பயன்படுத்தும் சிறு மைக்கே பெரும்பாலும் போதும். கோப்பை வேவ் வடிவில் சேமியுங்கள். எம்பி3 மனிதக் காதுக்காக ஒலியைச் செதுக்குவது. பூச்சியின் காதைப் பற்றி அதற்குக் கவலையில்லை.

பதிவின் தொடக்கத்தில் உங்கள் குரலில் தேதி, நேரம், இடம், பூச்சிக்கும் மைக்குக்கும் உள்ள தூரம், எல்லாவற்றுக்கும் மேலாக வெப்பநிலை ஆகியவற்றைச் சொல்லிவிடுங்கள். பூச்சி குளிர்ரத்தப் பிராணி. குளிர்ந்தால் சிறகு மெதுவாக அசையும், சூடானால் விரையும். 18 டிகிரியில் பாடிய ஓர் ஆணையும் 26 டிகிரியில் பாடிய இன்னோர் ஆணையும் பக்கத்தில் வைத்து, இரண்டு சிற்றினம் என்று எழுதிக் கேலிக்கு ஆளாக வேண்டாம். பூச்சி அமர்ந்திருக்கும் இலைக்கு அருகிலேயே வெப்பமானியை வையுங்கள். ஆய்வு விடுதி வராந்தாவில் தொங்குவதைப் பார்த்து எழுதுவது என் முதல் பருவத்துத் தவறு. அந்தப் பருவத்துப் பதிவுகள் அத்தனையும் இன்று ஒப்பீட்டுக்கு உதவாமல் கிடக்கின்றன.

ஓர் ஆண் போதாது. குறைந்தது ஐந்தாறு ஆண்களை, ஒவ்வொன்றையும் சில நிமிடம், பதிவு செய்யப் பாருங்கள். யார் பாடியதோ அதையே பிடித்து, பதிவு எண்ணையே மாதிரி எண்ணாகவும் வையுங்கள். பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த வேறொன்றைப் பிடித்துவிட்டு இதுதான் பாடியது என்று நம்புவது எல்லோருக்கும் நேர்கிறது. சந்தேகம் இருந்தால் கூண்டில் விட்டு மறுபடி பாடவைத்துச் சரிபாருங்கள்.

இன்னொன்று: பெயர் கிடைக்கும்வரை ஒரு செல்லப்பெயர் வையுங்கள். மூன்றாம் எண் பூச்சி என்று எழுதினால் அடுத்த மாதம் உங்களுக்கே குழம்பும். தென்னிந்திய மெகோபோடா வெட்டுக்கிளிகளை ஆராய்ந்தவர்கள் பாட்டுகளை ஹெலிகாப்டர், ரயில் என்றெல்லாம் அழைத்தார்கள். கேட்டவர்களுக்கு மறக்கவில்லை.

மூன்றாம் படி: உயிரோடு வைத்திருத்தல்

பின்னங்காலைப் பிடித்துத் தூக்காதீர்கள். காலைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் பூச்சி போய்விடும். ஒரு கையில் மூடியில்லாத டப்பா, மறு கையில் மூடி, நடுவில் இலையோடு சேர்த்து அடைப்பதுதான் நல்ல வழி. கோபிஃபோரா போன்ற கூம்புத்தலையர்களின் தாடை விரலைக் கிழிக்கும்.

ஒரு கூண்டுக்கு ஒன்று. இந்தக் குடும்பத்தில் பலவும் புலால் உண்பவை. இரவு இரண்டாக வைத்தது காலையில் ஒன்றாகவும் சில கால்களாகவும் இருக்கும். ஆப்பிள் துண்டு, ஓட்ஸ், மீன் தீனி, பிடித்த இடத்து இலைகள், ஈரப் பஞ்சு இருந்தால் வாரக்கணக்கில் வாழும். சிறகு முளைக்காத குஞ்சு கிடைத்தால் கடைசித் தோலுரிப்புவரை வளர்க்கத்தான் வேண்டும். அரமும் கண்ணாடியும் இனப்பெருக்க உறுப்புகளும் வளர்ந்த பூச்சியில்தான் முழுமையாகும். குஞ்சை வைத்துச் சிற்றினத்தை விவரிப்பது அடுத்த தலைமுறையின் சாபத்தை வாங்கிக்கொள்வது. பெண்ணையும் தேடுங்கள். பெரும்பாலான சிற்றினங்களில் பெண் பாடுவதில்லை, அல்லது ஆணுக்குச் சின்னதாக ஒரு மறுமொழி தரும்; அதனால் பெண்ணைக் காது கண்டுபிடிக்காது, கண்தான் கண்டுபிடிக்க வேண்டும். பாடும் ஆணைச் சுற்றியுள்ள இலைகளின் அடிப்புறத்தைப் பாருங்கள்.

உயிரோடு இருக்கும்போதே நிறத்தைப் படமெடுங்கள்: முகம் நேராக, பக்கவாட்டில், மேலிருந்து, வயிற்றுப்புறம். முகத்தின் நிறக்கோடுகள், கண்ணின் நிறம், பின்சிறகின் சாயல் எல்லாம் காய்ந்தபின் வைக்கோல் நிறமாகிவிடும். படம் இருக்கிறதே, மாதிரி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. மலேசியாவில் எடுத்து இணையத்தில் போட்ட ஒரு படத்தைப் பார்த்து, இது புதிய கண்ணாடிச்சிறகி (லேஸ்விங் எனப்படும் வேறொரு வகைப் பூச்சி) என்று ஒரு பூச்சியியலாளர் கண்டுகொண்டார். ஆனாலும் படமெடுத்தவர் திரும்பப் போய் ஒரு பூச்சியைப் பிடித்துத் தரும்வரை காத்திருந்து, 2012இல்தான் விவரித்தார்கள்.

நான்காம் படி: கொன்று பதப்படுத்துதல்

டிஎன்ஏவுக்காக முதலில் ஒரு நடுக்காலை எடுத்து 95 சதவீதத்துக்குக் குறையாத எத்தனாலில் போட்டுக் குளிர்பெட்டியில் வையுங்கள். எல்லாப் பூச்சிகளிலும் ஒரே பக்கத்துக் காலையே எடுத்தால் மறுபக்கம் அளவெடுக்க முழுதாகக் கிடைக்கும். எத்தில் அசிடேட் புட்டியில் கொன்றபின் எடுத்தால் டிஎன்ஏ சிதைந்திருக்க வாய்ப்பு அதிகம். உறையவைத்துக் கொல்வது பூச்சிக்கும் மாதிரிக்கும் நல்லது. காட்டு முகாமில் அந்த வசதி இருப்பதில்லை.

அடுத்தது குடல். இலை தின்னும் பெரிய பூச்சியை அப்படியே ஊசியில் குத்தினால் உள்ளிருந்து அழுகிக் கறுத்துவிடும். வயிற்றின் அடிப்புறத்தில் சிறிதாகக் கீறி, குடலை இடுக்கியால் இழுத்தெடுத்து, உள்ளே பஞ்சைச் சுருட்டி வையுங்கள். நுனி வயிற்றைத் தொடாதீர்கள். அடையாள உறுப்புகள் அங்கேதான் இருக்கின்றன. பிறகு கழுத்துக் கவசத்தின் பின்பகுதியில், நடுக்கோட்டுக்குச் சற்று வலப்புறமாக ஊசி. இடதுபக்கச் சிறகுகளை விரிப்பது வழக்கம். பின்னங்கால்களை மடித்து உடலுக்கு அணைத்து வைத்தால் பெட்டியில் உடையாது.

மழைக்காலத்தில் காய்வதற்குள் பூஞ்சை வந்துவிடும். சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவோ, மிதமான சூட்டில் மின்விளக்குப் பெட்டியோ உதவும். மேசைக்கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்துங்கள். நான் ஒரு முறை இதைச் சோம்பலில் விட்டேன். இரண்டு வாரம் தேடிப் பிடித்த ஒரே ஆணின் தலையையும் மார்பையும் எறும்புகள் ஒரே இரவில் துப்புரவாக்கிவிட்டன. மிஞ்சியது சிறகு மட்டும். அரம் சிறகில் இருந்ததால் முழுக்க நஷ்டம் என்று சொல்ல முடியாது.

சீட்டு இல்லாத பூச்சி குப்பை. நாடு, மாநிலம், மாவட்டம், இடம், அட்சரேகை, தீர்க்கரேகை, கடல்மட்டத்திலிருந்து உயரம், தேதி, பிடித்தவர், பிடித்த விதம், பதிவு எண். மை கரையாத பேனா அல்லது லேசர் அச்சு. வீட்டுக்குப் போய் எழுதிக்கொள்ளலாம் என்று நினைக்கும் சீட்டு எழுதப்படுவதே இல்லை.

ஐந்தாம் படி: பழைய பெயர்களின் காட்டுக்குள்

உண்மையான காடு இதுதான். முதலில் துணைக்குடும்பம். இலைபோல் சிறகும் மெல்லிய உடலும் என்றால் ஃபெனரோப்டெரினே. மரப்பட்டையும் காய்ந்த இலையுமாக வேஷமிட்டிருந்தால் சூடோஃபில்லினேயாக இருக்கலாம். கூம்புத்தலை என்றால் கோனோசெஃபாலினே பக்கம். இவையெல்லாம் முதல் ஊகம்தான். காதின் வாய் திறந்த நீள்வட்டமா, மூடிய பிளவா, கணைக்கால் முட்களின் வரிசை, உணர்கொம்புக் குழியின் விளிம்பு ஆகியவற்றை நுண்ணோக்கியில் பார்த்துத்தான் உறுதிசெய்ய வேண்டும். பேரினம்வரை வந்தபின், வெட்டுக்கிளிகளும் சுவர்க்கோழிகளும் அடங்கிய ஆர்தாப்டெரா வரிசைக்கான ஆர்தாப்டெரா ஸ்பீசீஸ் ஃபைல் என்ற இணையப் பட்டியலைத் திறவுங்கள். அந்தப் பேரினத்தில் இதுவரை வைத்த எல்லாப் பெயர்களும், செல்லாமல் போன பெயர்களும், மூல மாதிரி (பெயர் வைக்க ஆதாரமாக இருந்த பூச்சி) எங்கே இருக்கிறது என்பதும் அங்கே இருக்கும். பல பதிவுகளுக்கு மூல மாதிரியின் படமும் உண்டு.

அந்தப் பட்டியலில் உள்ள ஒவ்வொரு பெயருக்கும் மூல விளக்கத்தைப் படிக்க வேண்டும். அண்டை நாட்டில் கிடைத்தவற்றுக்கு மட்டுமல்ல, எல்லாவற்றுக்கும். 19ஆம் நூற்றாண்டில் லண்டனில் ஃபிரான்சிஸ் வாக்கர் பிரிட்டிஷ் அருங்காட்சியகப் பெட்டிகளைத் திறந்து ஆயிரக்கணக்கான பூச்சிகளுக்குச் சளைக்காமல் பெயர் வைத்தார். ஒரே பூச்சிக்குப் பல பெயர் வைத்ததும் உண்டு. வியன்னாவில் புருன்னர் ஃபான் வாட்டன்வில் 1878இலும் 1895இலும் இரண்டு துணைக்குடும்பங்களுக்குத் தடித்த நூல்கள் எழுதினார். கூம்புத்தலையருக்கு 1891இல் ரெட்டன்பாக்கர். இவர்களின் விளக்கம் பெரும்பாலும் லத்தீனில் சில வரி: பச்சை, இவ்வளவு நீளம், சிறகில் ஒரு புள்ளி. இடம் என்ற தலைப்பில் சில சமயம் ஒரு நாட்டின் பெயர்தான் இருக்கும். அந்தச் சில வரிகளுக்குப் பொருந்தும் பூச்சிகள் இன்று நாலைந்து கிடைக்கும்போது எது அவர் கண்டது என்று அறிய ஒரே வழி, மூல மாதிரியைப் பார்ப்பது.

லண்டனுக்கும் வியன்னாவுக்கும் டிக்கெட் எடுக்க எல்லோராலும் முடியாது. அருங்காட்சியகக் காப்பாளருக்குப் பணிவாக, குறிப்பாகக் கடிதம் எழுதுங்கள். "படம் அனுப்ப முடியுமா?" என்பது மோசமான கடிதம். "இன்ன எண்ணுள்ள ஆண் மாதிரியின் வால்முனைக் கொக்கிகள் மேலிருந்தும் பின்னிருந்தும், இடது சிறகின் அடிப்புற அரம், அளவுகோலோடு" என்பது நல்ல கடிதம். பதில் வர மாதங்கள் ஆகலாம். அந்தக் காலத்தை அளவெடுக்கப் பயன்படுத்துங்கள். மூல மாதிரி பெண்ணாக இருந்துவிட்டால் சிக்கல்தான். பாட்டும் அரமும் கொக்கியும் ஆணுக்குரியவை. அப்போது உங்கள் பெண் மாதிரிகளின் முட்டையிடும் வாளையும் அதன் அடியிலுள்ள தகட்டையும் ஒப்பிடுவதைத் தவிர வேறு வழியில்லை. மூன்றாம் படியில் பெண்ணைத் தேடச் சொன்னது இதற்காகத்தான்.

ஆறாம் படி: ஒன்றா, இரண்டா?

அளவெடுக்கும்போது உடல் நீளத்தை நம்பாதீர்கள். வயிறு காய்ந்தால் சுருங்கும், பஞ்சடைத்தால் நீளும். கழுத்துக் கவசம், பின்தொடை, முன்சிறகு, முட்டையிடும் வாள் ஆகியவை ஏமாற்றாது. வெர்னியர் காலிப்பரால் அல்லது நுண்ணோக்கி அளவுகோலால், மில்லிமீட்டரில். பிறகு அரம்: நீளம், பற்களின் எண்ணிக்கை, நடுவிலும் ஓரங்களிலும் பற்களுக்கு இடையேயான தூரம். மின்னணு நுண்ணோக்கி இருந்தால் நல்லது; இல்லாவிட்டால் பல் மருத்துவர் அச்செடுக்கும் சிலிக்கோனை அரத்தின்மேல் ஊற்றி வார்ப்பெடுத்துச் சாதாரண நுண்ணோக்கியில் எண்ணலாம்.

இங்கே ஓர் அழகான கணக்கு இருக்கிறது. கோர்கோனா பூச்சியைப் போல் சுத்தமான ஒற்றைச் சுரத்தில் பாடுபவற்றில் சுரண்டி ஒரு பல்லைத் தட்டினால் ஓர் ஒலியலை. 23 கிலோஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 23,000 பல். பாட்டின் ஓர் அசை 10 மில்லிவிநாடி நீடித்தால் சுமார் 230 பற்கள் தட்டப்பட்டிருக்க வேண்டும். உங்கள் அரத்தில் 90 பற்கள்தான் என்றால் ஒன்று பதிவு தவறு, அல்லது நீங்கள் பிடித்தது பாடிய பூச்சி அல்ல. எழுதும் முன்பே பிழையைக் காட்டித்தரும் இந்தச் சோதனையைப் பலர் செய்வதில்லை.

உருவமும் பாட்டும் ஒரே சேதி சொன்னால் நிம்மதி. சொல்லாவிட்டால்? மெகோபோடா கதையைக் கேளுங்கள். மெகோபோடா எலாங்கேட்டா என்பது லின்னேயஸ் 1758இல் பெயர் வைத்த பூச்சி; ஆசியாவில் பல இடங்களில் கிடைப்பவற்றை அந்தப் பெயருக்குள்ளேயே போட்டுவந்தார்கள். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ரோகிணி பாலகிருஷ்ணனும் அவருடைய மாணவரும் தென்னிந்தியாவில் அவற்றின் பாட்டைப் பதிவு செய்து 2006இல் வெளியிட்டபோது, உருவத்தில் பிரித்தறிய முடியாத பூச்சிகளிடம் ஐந்து வகைப் பாட்டு இருந்தது. ஆனால் ஐந்து புதிய பெயர்களை அவர்கள் வாரி வழங்கவில்லை. பாட்டு வகை என்றே எழுதினார்கள். அதுதான் சரி என்பது என் கட்சி. ஐந்தில் எது லின்னேயஸின் பூச்சி என்று தெரியாமல் மீதி நான்குக்குப் பெயர் வைப்பது, வீட்டுக்காரர் யாரென்று தெரியாமல் குடியிருப்போர் பட்டியல் எழுதுவது போல.

டிஎன்ஏ உதவும், தீர்ப்பு வழங்காது. வழக்கமாகப் படிப்பது மைட்டோகாண்ட்ரியாவிலுள்ள சிஓஐ மரபணுவில் 658 எழுத்து நீளமுள்ள துண்டு. வெட்டுக்கிளி வகையறாவில் இந்த மரபணுவின் பழைய நகல்கள் உட்கருவுக்குள்ளும் புகுந்து கிடக்கின்றன. கவனிக்காமல் நகலைப் படித்துவிட்டால் இல்லாத சிற்றினங்கள் முளைக்கும். புரதமாக மொழிபெயர்த்துப் பாருங்கள். நடுவில் நிறுத்தக் குறி வந்தால் அது பெரும்பாலும் நகல். எனக்குப் போதுமான சான்று என்பது இதுதான்: ஒரே வெப்பநிலையில் பாட்டு எப்போதும் வேறுபட வேண்டும், உடலில் ஓர் உறுப்பாவது வேறுபட வேண்டும், இடைப்பட்ட வடிவங்கள் கிடைக்கக் கூடாது. இரண்டும் ஒரே காட்டில் கலக்காமல் வாழ்ந்தால் இன்னும் வலு.

ஏழாம் படி: மூல மாதிரியும் பெயரும்

ஒரே ஒரு பூச்சியை ஹோலோடைப் என்று தேர்ந்தெடுக்கிறீர்கள். பெயர் இனி என்றென்றைக்கும் அந்த ஒரு பூச்சியோடு கட்டப்பட்டது. எனவே முழுதாக வளர்ந்த, கால் உடையாத, பாட்டுப் பதிவும் டிஎன்ஏவும் உள்ள ஆணாக இருக்கட்டும். மற்றவை பாராடைப். ஹோலோடைப்புக்குச் சிவப்புச் சீட்டு. 1999க்குப் பிறகு வெளியாகும் பெயருக்கு, ஹோலோடைப் எது, எந்த நிறுவனத்தில் வைக்கப்படுகிறது என்பதை வெளிப்படையாக எழுதாவிட்டால் விலங்குப் பெயர் விதிநூலின்படி பெயரே செல்லாது. உங்கள் வீட்டு அலமாரியை நிறுவனம் என்று எழுதாதீர்கள்.

பெயருக்கு 26 லத்தீன் எழுத்துகள் மட்டும். மேற்குறி, புள்ளி எதுவும் கூடாது. தமிழின் ழகரத்துக்கு அங்கே இடமில்லை, இருப்பதை வைத்துச் சமாளிக்க வேண்டும். பெயர் அடைமொழியாக இருந்தால் பேரினத்தின் பாலோடு ஒத்துப்போக வேண்டும். மெகோபோடா பெண்பால், ஆகவே எலாங்கேட்டா. ஓனோமார்கஸ் ஆண்பால், ஆகவே யூனினோடேட்டஸ். இடப்பெயரோடு ஒட்டும் என்சிஸ் ஆண்பாலுக்கும் பெண்பாலுக்கும் பொது. அலிப்பால் பேரினம் என்றால் என்சே. ஒருவரைச் சிறப்பிக்க, ஆண் என்றால் பெயரின் முடிவில் இ, பெண் என்றால் ஏ, பலர் என்றால் ஓரும், பெண்கள் மட்டும் என்றால் ஆரும். உங்கள் பெயரையே வைத்துக்கொள்வதை விதி தடுக்கவில்லை. சக ஆய்வாளர்கள் வாழ்நாள் முழுதும் சிரிப்பார்கள். அதே பேரினத்தில் அதே பெயர் முன்பே இல்லை என்பதையும் பாருங்கள். இடப்பெயர் வைப்பதில் ஓர் ஆபத்து உண்டு: இன்று ஒரே மலையில் கிடைப்பது நாளை பத்து மலையில் கிடைக்கலாம். தீவுப் பூச்சிக்கு அந்தப் பயம் குறைவு.

எட்டாம் படி: எழுதுதல்

கட்டுரையின் உயிர் வேறுபாட்டுக் குறிப்பு. 1930க்குப் பிறகு வந்த பெயருக்கு, பிற சிற்றினங்களிலிருந்து பிரித்துக்காட்டும் பண்புகளைச் சொற்களில் எழுதியாக வேண்டும் என்பது விதி. படம் மட்டும் போதாது. "நெருங்கிய உறவினத்தைவிடப் பெரியது, நிறம் அடர்த்தியானது" என்று எழுதினால் படிப்பவர் கையிலிருக்கும் பூச்சியை எதிலும் சேர்க்க முடியாது. "ஆணின் வால்முனைக் கொக்கி நடுவில் உள்நோக்கி வளைந்து, நுனியில் ஒற்றை முள்ளோடு முடிகிறது, உறவினத்தில் நுனி இரண்டாகப் பிளந்திருக்கும்" என்றால் எடுத்துப் பார்த்துத் தீர்த்துவிடலாம். இரண்டு மூன்று பண்பு போதும். ஆனால் அவை கத்திபோல் வெட்ட வேண்டும்.

முழு விளக்கம் அதற்குப் பின்: தலை, கழுத்துக் கவசம், சிறகு, கால், வயிற்று நுனி என்று மேலிருந்து கீழாக, வினைச்சொல் அதிகமில்லாத தந்தி நடையில். பாட்டுக்குத் தனிப் பகுதி வையுங்கள். அலை வரைபடமும் அதிர்வெண் வரைபடமும் வெப்பநிலையோடு. அசை, அசைத்தொகுதி என்று நீங்கள் எதைச் சொல்கிறீர்கள் என்பதை முதலில் வரையறுங்கள், ஏனென்றால் இந்தத் துறையில் ஆளுக்கொரு அர்த்தம். அளவுகளை ஒற்றை எண்ணாகத் தராமல் சிறியது, பெரியது, சராசரி, எத்தனை பூச்சி என்று தாருங்கள். முடிந்தால் அந்தப் பேரினத்துக்கே ஒரு அடையாளத் திறவுகோல் எழுதுங்கள். அலுப்பான வேலை, ஆனால் உங்கள் கட்டுரையில் பிறர் அதிகம் புரட்டப்போவது அந்தப் பக்கத்தைத்தான். படங்களில் அளவுகோல் மறக்கக் கூடாது. கொக்கியையும் அரத்தையும் பல குவியங்களில் எடுத்து ஒன்றாக அடுக்கிய படங்களாகத் தந்தாலும், பக்கத்தில் ஒரு கோட்டோவியம் இருக்கட்டும். எதைப் பார்க்க வேண்டும் என்று கோட்டுக்குத்தான் தெரியும்.

ஒன்பதாம் படி: வெளியிடுதல்

ஜூடாக்ஸா, ஆர்தாப்டெரா ஆராய்ச்சிக்கென்றே உள்ள இதழ்கள் என நல்ல இடங்கள் இருக்கின்றன. பணம் கொடுத்தால் ஒரே வாரத்தில் வெளியிடுவதாக மின்னஞ்சல் அனுப்பும் இதழ்களிடம் போகாதீர்கள். அங்கே வெளியான பெயரும் விதிப்படி செல்லுபடியாகிவிடலாம், பிழைகளையும் சேர்த்துச் சுமக்க வேண்டிவரும். 2012 முதல் மின்னிதழில் மட்டும் வரும் பெயருக்கு, வெளியீட்டை முன்கூட்டியே ஜூபேங்க் பதிவேட்டில் பதிந்து, பதிந்ததற்கான சான்றைக் கட்டுரைக்குள்ளேயே காட்ட வேண்டும். கட்டுரை வரும்வரை பெயரை ஆய்வேட்டிலும் கருத்தரங்கச் சுருக்கத்திலும் நாளிதழ்ப் பேட்டியிலும் சொல்லாதீர்கள். விளக்கமில்லாமல் உலவும் பெயர் வெற்றுப்பெயராகிப் பின்னால் வருபவர்களைக் குழப்பும்.

திறனாய்வாளர் கேட்கும் கேள்விகளில் பாதி ஐந்தாம் படியிலிருந்துதான் வரும்: இன்ன மூல மாதிரியைப் பார்த்தீர்களா? பார்க்கவில்லை என்றால் ஒப்புக்கொண்டு, போய்ப் பாருங்கள். வெளியான பிறகும் யாராவது உங்கள் பெயர் பழைய பெயரின் மறுபதிப்பு என்று காட்டினால் முந்திய பெயரே நிற்கும். வருத்தமாகத்தான் இருக்கும்; ஆனால் உங்கள் ஒலிப்பதிவு வீணாகாது. அந்தப் பழைய பெயருக்கு முதல் முறையாகப் பாட்டு கிடைத்திருக்கிறது.

கடைசி வேலைகள்: ஹோலோடைப்பைக் களஞ்சியத்தில் ஒப்படைத்துப் பதிவெண் வாங்குங்கள். பாராடைப்புகளை, சட்டம் அனுமதிக்கும்வரை, ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் வையுங்கள். தீயும் வெள்ளமும் அருங்காட்சியகங்களுக்கும் வருகின்றன. டிஎன்ஏ வரிசையை ஜென்பேங்க் என்ற பொதுத் தரவுக் களஞ்சியத்தில் ஏற்றுங்கள். மூல வேவ் கோப்புகளை வெட்டாமல், வடிகட்டாமல், பொது ஒலிக்காப்பகம் ஒன்றில் சேருங்கள். சேர்க்கும்போது கோப்பின் பெயரில் இன்னும் உங்கள் பழைய செல்லப்பெயர் இருக்கும். அதை அழித்துப் புதிய பெயரைத் தட்டுங்கள். செல்லப்பெயரைக் குறிப்புப் பகுதியில் விட்டுவையுங்கள், களக் குறிப்பேடு முழுக்க அந்தப் பெயரில்தான் இருக்கிறது.